பொக்லைன் அழிச்சா 40,000... மழை அழிச்சா 6,880! ஒரே ஏக்கருக்கு ரெண்டு கணக்கா?



2024 நவம்பர் 30-ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. அந்த ராத்திரியும் அடுத்த மூணு நாளும் கடலூர் மாவட்டத்துல யாருக்கும் மறக்காது. சாத்தனூர் அணையில இருந்து திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து இறங்கினதும், ஊருக்குள்ள புகுந்ததும், வயலும் வரப்பும் தெரியாம ஒரே வெள்ளக்காடா நின்னதும் நம்ம கண்ணால பார்த்தது.

சம்பா நிக்கிற பருவம் வந்தா மறுபடியும் வானம் கறுக்குது. மறுபடியும் ஒரு அறிவிப்பு வரும்: "பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு இத்தனை ஆயிரம்." டிவியில பெருசா ஓடும். கேக்க நல்லாத்தான் இருக்கும்.

அந்த அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இந்தப் பதிவைப் படிங்க. போன்ல கால்குலேட்டரையும் திறந்து வச்சுக்கோங்க.

முதல் கணக்கு: ஹெக்டேர்

ஃபெஞ்சலுக்கு அப்புறம், 2024 டிசம்பர் முதல் வாரத்துல மாநில அரசு அறிவிச்ச நிவாரணம் இது. 33 சதவீதமும் அதுக்கு மேலயும் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 8,500. பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் 22,500.

நம்ம ஊர்ல யாராவது நிலத்தை ஹெக்டேர்ல சொல்லிக் கேட்டிருக்கீங்களா? ஏக்கர்னு சொல்லுவாங்க, காணின்னு சொல்லுவாங்க, சென்ட்னு சொல்லுவாங்க. அரசாங்க அறிவிப்பு மட்டும் ஹெக்டேர்ல வரும். ஹெக்டேர்ல சொன்னா தொகை ரெண்டரை மடங்கு பெருசாத் தெரியும்.

ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். 17,000-ஐ 2.47-ஆல வகுத்துப் பாருங்க. ஏக்கருக்கு சுமார் 6,880 ரூபாய். சென்ட்டுக்கு 69 ரூபாய் கூட வராது. மானாவாரி வயலுக்குன்னா ஏக்கருக்கு 3,440.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. 2025-26 பருவத்துல அரசு கொள்முதல் நிலையத்துல சாதாரண ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அப்போ 6,880 ரூபாய்ங்கிறது மூணு குவிண்டால் நெல்லோட விலைகூட இல்லை. ஏக்கருக்கு 20 குவிண்டால் அறுக்க வேண்டிய வயல் மொத்தமா அழுகிப் போனா, 50,000 ரூபாய் நெல் போச்சு. கையில வர்றது 6,880. உழவு, நாத்து, நடவு, உரம், களை, மருந்து... இதுக்கெல்லாம் எவ்வளவு ஆச்சுன்னு உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. நடவுக் கூலிக்கும் உழவுக்கும் இந்தப் பணம் தாங்குமான்னு மட்டும் கேளுங்க, போதும்.

இரண்டாவது கணக்கு: வளையமாதேவி

நெய்வேலிக்காரங்களுக்கு 2023 ஜூலை 26 ஞாபகம் இருக்கும். என்.எல்.சி இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக பரவனாற்றை மாத்தி விடுற கால்வாய் வெட்ட, போலீஸ் பாதுகாப்போட பொக்லைன் இயந்திரங்கள் வளையமாதேவி வயல்ல இறங்குச்சு. வளர்ந்து நின்ன பச்சை நெல்லு மேல இயந்திரம் ஏறின அந்த வீடியோவைப் பார்த்து நாடே பதறுச்சு. ரெண்டு நாள் கழிச்சு நெய்வேலியில நடந்த போராட்டம், கல்வீச்சு, தடியடி எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. அறுவடைக்கு ரெண்டு மாசம் பொறுக்க முடியாதாங்கிற கேள்வி அங்க எழுந்துச்சு. ஆகஸ்ட் முதல் வாரத்துல நீதிமன்றம் சொன்னது: அழிக்கப்பட்ட பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு கொடு.

இதுல ஒண்ணைக் கவனிக்கணும். அந்த நிலம் பல வருஷத்துக்கு முன்னாடியே கையகப்படுத்தப்பட்டது, காகிதப்படி விவசாயி கையில இல்லை. பயிர் வைக்காதேன்னு முன்னாடியே சொல்லிட்டோம்னு நிறுவனத் தரப்புல வாதாடினாங்க. அப்படிப்பட்ட நிலத்துல நின்ன பயிருக்கே ஒரு மதிப்பு இருக்குன்னு நீதிமன்றம் ஏத்துக்கிட்டது. அந்த மதிப்பு ஏக்கருக்கு 40,000.

அதே நெல், அதே மண், அதே பரவனாற்றுப் பாசனம். பொக்லைன் ஏறி அழிச்சா 40,000. பரவனாறு பொங்கி அழிச்சா 6,880. கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். இந்த வித்தியாசம் எங்க இருந்து வருது? இந்தப் பதிவு கேக்குற கேள்வி இது ஒண்ணுதான்.

"நிவாரணம் வேற, இழப்பீடு வேற"

அதிகாரிகள்கிட்ட கேட்டா இந்தப் பதில்தான் வரும். சட்டப்படி அது உண்மைதான், அதையும் மறைக்காம சொல்லிடறோம். பொக்லைன் விஷயத்துல அழிச்சவன் ஒருத்தன் இருக்கான், அவன் பணம் கட்டணும். மழைக்கு யார் பொறுப்பு? அதனால அரசு கொடுக்கிறது இழப்பீடு இல்லை. மாநில பேரிடர் நிவாரண நிதியோட விதிப்படி அதுக்குப் பேர் இடுபொருள் மானியம். அதாவது, போன பயிருக்கு விலை இல்லை. அடுத்த பயிர் வைக்க விதை, உரம் வாங்க ஒரு கைத்தாங்கல்.

சரி, அப்படியே வச்சுக்குவோம். அடுத்த பயிர் வைக்க 6,880 போதுமா? கைத்தாங்கல்னு சொல்லிட்டு சுண்டு விரலைக் கொடுத்தா எழுந்திருக்க முடியுமா?

இந்த 17,000 ஒண்ணும் கல்வெட்டு கிடையாது. அது மத்திய அரசு 2022-ல இருந்து 2026 வரைக்கும் வகுத்த விதி. அதுக்கு முந்தின அஞ்சு வருஷ விதியில இதே தொகை 13,500. அப்போ, 2021 ஜனவரியில, அன்றைய மாநில அரசு தன் கைப்பணத்தையும் போட்டு அதை 20,000 ஆக்குச்சு. 2023 பிப்ரவரியில பருவம் தவறிப் பெய்த மழைக்கு டெல்டா விவசாயிகளுக்கு அப்போதைய அரசும் 20,000 கொடுத்துச்சு. ஆனா 2024 டிசம்பர்ல, நம்ம மாவட்டம் மூழ்கினப்போ, 17,000. டீசல் ஏறிச்சு, உரம் ஏறிச்சு, ஆள் கூலி ஏறிச்சு. நிவாரணம் மட்டும் இறங்கிச்சு!

டெல்டா விவசாயிக்கு 20,000 கொடுத்ததுல நமக்கு மகிழ்ச்சிதான். விழுப்புரமும் கடலூரும் கள்ளக்குறிச்சியும் என்ன பாவம் பண்ணுச்சுன்னுதான் கேக்குறோம்.

ஒரு முந்திரி மரம் = ஒரு கோழி?

நெய்வேலியை விட்டு பண்ருட்டி பக்கம் போனா முந்திரியும் பலாவும்தான் வாழ்க்கை. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சப்போ, தாத்தா வச்ச மரங்கள் ஒரே காலையில வேரோட சாய்ஞ்சு கிடந்ததை நம்ம தலைமுறை சின்ன வயசுல பார்த்திருக்கு. நெல்லு போனா அடுத்த பட்டம் இருக்கு. மரம் போனா? திரும்ப நட்டு, காய்ப்புக்கு வந்து, குடும்பத்தைத் தாங்குற அளவுக்கு வளர எத்தனை வருஷம்?

அந்த 2022-26 விதியில மரத்துக்கு ஹெக்டேருக்கு 22,500. முந்திரியை 7 மீட்டர் இடைவெளியில வச்சா ஹெக்டேருக்கு சுமார் 200 மரம். வகுத்துப் பாருங்க, ஒரு மரத்துக்கு 112 ரூபாய் 50 காசு. அதே ஃபெஞ்சல் அறிவிப்புல இறந்த கோழிக்கு 100 ரூபாய். பலன் கொடுக்குற ஒரு முந்திரி மரமும் ஒரு கோழியும் இந்த விதிப் புத்தகத்துல கிட்டத்தட்ட ஒரே விலை!

இதை எழுதினவங்க பண்ருட்டியில ஒரு முந்திரித் தோப்புக்குள்ள ஒரு தடவை நடந்திருந்தா இப்படி எழுதியிருக்க மாட்டாங்க.

33 சதவீதம்: யார் கண்ணு அளக்குது?

2015 வரைக்கும் பாதிப் பயிர் போனாத்தான் நிவாரணம். அந்த வருஷம் அதை 33 சதவீதமா குறைச்சாங்க. நல்ல மாற்றம், பாராட்டுறோம். ஆனா வயல்ல நடக்கிறது என்ன?

தண்ணி வடிஞ்சதும் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுப்பாங்க. வி.ஏ.ஓ வருவார், உதவி வேளாண்மை அலுவலர் வருவார். ஒருத்தர் கையில பல கிராமம் இருக்கும். பாவம், அவங்களும் மனுஷங்கதான். வரப்புல நின்னு பார்ப்பாங்க. பயிர் பச்சையா நின்னா "பரவாயில்லை, தேறிடும்"னு எழுதிடுவாங்க.

ஆனா பூக்கிற நேரத்துல மழையில நனைஞ்ச நெல் வெளியில பச்சையாத்தான் நிக்கும். ஜனவரியில அறுத்துக் களத்துல தூத்துறப்பத்தான் பதர்னு தெரியும். கணக்கெடுப்பு டிசம்பர்ல, நஷ்டம் தெரியறது தைப்பொங்கலுக்கு அப்புறம். அதுக்குள்ள பட்டியல் மூடியாச்சு! 32 சதவீதம்னு எழுதிட்டா ஒரு பைசா கிடையாது. 33-னு எழுதினா 6,880. ஒரே ஒரு எண், அதுவும் கண் மதிப்புல.

பட்டா இல்லாதவன் விவசாயி இல்லையா?

எல்லாத்தையும் விட வலிக்கிற விஷயம் இதுதான். நிவாரணம் கேக்கப் போனா பட்டா, சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக். நிலம் யார் பேர்ல இருக்கோ பணம் அவங்க கணக்குக்குப் போகுது. நம்ம பகுதியில எத்தனை பேர் வாய்மொழிக் குத்தகைக்கு ஓட்றாங்க? எத்தனை பேர் கோயில் நிலம் ஓட்றாங்க? கடன் வாங்கிப் போட்டவன் ஒருத்தன், நிவாரணம் வாங்குறவன் இன்னொருத்தன். வெளியூர்ல இருக்கிற நிலத்துக்காரருக்கு 'கிரெடிட்' மெசேஜ் வருது. சேத்துல நிக்கிறவருக்கு வட்டிக்காரர் போன் வருது.

குத்தகைதாரரைப் பதிவு பண்ண 1969-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. ஆனா பதிவு பண்ணப் போனா நிலத்துக்காரர் பயப்படுறார், "நாளைக்கு நிலத்தையே கேட்டுட்டா?" அவர் பயமும் நியாயமானதுதான். இதுக்கு பக்கத்து மாநிலத்துல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஆந்திராவுல 2019-ல பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் போட்டாங்க. 11 மாச ஒப்பந்தம், ஒரு அட்டை. நிலத்து மேல எந்த உரிமையும் வராது. பயிர் மேல மட்டும்தான் உரிமை. அந்த அட்டையைக் காட்டி நிவாரணமும் காப்பீடும் கேக்கலாம். அங்கயும் நடைமுறைச் சிக்கல் இல்லாம இல்லை. ஆனா கதவுன்னு ஒண்ணு இருக்கு. இங்க சுவர்தான் இருக்கு. 2025-ல கொடுக்க ஆரம்பிச்ச விவசாயி தனித்துவ அடையாள எண்ணும் நில ஆவணத்தோடதான் இணையுது. குத்தகைக்காரர் மறுபடியும் வெளியில.

நெய்வேலியைச் சுத்தி இன்னொரு கூட்டம் இருக்கு. சுரங்கத்துக்காகக் கையகப்படுத்தி, வருஷக்கணக்கா தோண்டாம விட்ட நிலத்துல, வேற போக்கிடம் இல்லாம பயிர் வைக்கிறவங்க. காகிதத்துல பேர் மாறிப்போன அந்த வயல் மூழ்கினா, நிவாரணப் பட்டியல்ல யார் பேர் வரும்? பொக்லைன் ஏறினப்போ அந்தப் பயிருக்கும் மதிப்பு உண்டுன்னு நீதிமன்றம் சொல்லுச்சு. மழைக்கு அந்த மதிப்பு கிடையாதா?

டெல்லிக்கும் ஒரு கேள்வி

ஃபெஞ்சலுக்கு உடனடி உதவியா மாநில அரசு கேட்டது 2,000 கோடி. டிசம்பர் 6-ம் தேதி 944 கோடியே 80 லட்சம் விடுவிச்சோம்னு மத்திய அரசு அறிவிச்சது. அது தனியா கொடுத்த உதவி இல்லை. மாநில பேரிடர் நிதிக்கு எப்படியும் தர வேண்டிய மத்தியப் பங்கு, ரெண்டு தவணையையும் சேர்த்துக் கொடுத்தது. தேசிய பேரிடர் நிதியில இருந்து கூடுதல் உதவியா 522 கோடியே 34 லட்சத்துக்கு ஒப்புதல் வந்தது 2025 ஏப்ரல்ல. புயல் அடிச்சு நாலு மாசம் தாண்டி! அதுக்குள்ள சம்பா போய், அடுத்த பட்டமும் முடிஞ்சு போச்சு.

பயிர்க் காப்பீட்டுலயும் இதே கதை. நெல் வயல் தண்ணியில மூழ்கினா தனி விவசாயி புகார் கொடுத்து இழப்பீடு கேக்குற வசதியை 2018-ல எடுத்துட்டாங்க. 2026 காரிஃப்ல இருந்து திரும்பச் சேர்க்கிறோம்னு 2025 நவம்பர்ல அறிவிச்சாங்க. வரவேற்கிறோம். ஆனா 2025-ல வயல்ல நின்ன சம்பாவுக்கு அது கிடையாது. கிராமத்தோட சராசரி விளைச்சல் குறைஞ்சாத்தான் பணம்னு இருந்துச்சு. பள்ளத்துல இருக்கிற உங்க வயல் மட்டும் மூழ்கி, மேட்டு வயல் தப்பிச்சிருந்தா, சராசரி உங்களைக் காப்பாத்தியிருக்காது.

நாங்க கேக்கிறது என்ன?

எல்லாருக்கும் கண்ணை மூடிக்கிட்டு அள்ளிக் கொடுன்னு நாங்க சொல்லலை. கணக்குப் போட்டுத்தான் கேக்குறோம். ஒரு லட்சம் ஏக்கர் முழுசா அழிஞ்சாலும் ஏக்கருக்கு 40,000 கொடுத்தா 400 கோடி. 2022-26 விதிப்படி சுமார் 69 கோடி. நடுவுல இருக்கிற 331 கோடியை யார் சுமக்குறாங்க? இன்னைக்கு அதை முழுசா விவசாயிதான் சுமக்குறார், நகையை அடகு வச்சு. அதுல பாதியையாவது அரசு சுமக்கட்டும்ங்கிறதுதான் பேச்சு.

1. நிவாரணத்தை ஏக்கர்ல அறிவிக்கணும். பயிர் பருவத்தைப் பார்த்துத் தொகை இருக்கணும். நட்ட புதுசுல போனா, உழவு, நாத்து, நடவுச் செலவு முழுசும். கதிர் வந்த பிறகு போனா, நீதிமன்றம் சொன்ன 40,000-த்தை இலக்கா வச்சு மாநில அரசு தன் பங்கைக் கூட்டணும். முதல் படியா, டெல்டாவுக்குக் கொடுத்த 20,000-க்குக் கீழ இனி எந்த மாவட்டத்துக்கும் இறங்கக் கூடாது.

2. மரப் பயிருக்கு ஹெக்டேர் கணக்கை விட்டுட்டு, மரத்தோட எண்ணிக்கையும் வயசும் பார்த்து நிவாரணம்.

3. கணக்கெடுப்புப் பட்டியலை சர்வே எண்ணோட, சதவீதத்தோட ஊராட்சி அலுவலகத்துல ஒட்டணும். ஆட்சேபனைக்கு நாள் கொடுக்கணும். பதருக்கு அறுவடை நேரத்துல இரண்டாவது கணக்கெடுப்பு வேணும்.

4. பட்டாவை விட்டுட்டு, யார் சாகுபடி பண்றாங்கன்னு அடங்கல்ல எழுதி, அந்தப் பேருக்குப் பணம். நிலத்துக்காரர் உரிமை பாதிக்காத மாதிரி ஒரு வருஷ சாகுபடி அட்டை.

5. இந்த விதிகளை வகுத்தது 2025-26 வரைக்கும்தான். அடுத்த அஞ்சு வருஷத்துக்கான விதியையும் எழுதுறது டெல்லியிலதான். நம்ம எம்.பி-க்கள், எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, இப்போ பேசணும். 

உங்க கையில இருக்கிறது

அரசு மாறுற வரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டாம். இப்போவே வி.ஏ.ஓ-கிட்ட போய் உங்க சர்வே எண்ணுக்கு இந்தப் பருவ அடங்கல்ல சரியான பயிர் ஏறியிருக்கான்னு பாருங்க. தண்ணி நிக்கிறப்பவே, தேதியும் இடமும் பதிவாகுற மாதிரி போன்ல போட்டோ எடுத்து வைங்க. வடிஞ்ச பிறகு எடுத்தா ஆதாரம் பாதிதான். உங்க வயலைப் பார்க்காம பட்டியல் போட்டா, எழுத்துல மனு கொடுத்து ரசீது வாங்குங்க. வாயால சொன்னது கோப்புல ஏறாது.

டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ்ல இருக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நம்ம வட்டத்துல தண்ணி நின்னா ரெண்டு நாள்ல வடிஞ்சிடும், கரண்டும் வந்துடும். ஆனா நம்ம அப்பா அம்மாவோட ஊர், கம்மாபுரம் பக்கமோ குறிஞ்சிப்பாடி பக்கமோ சேத்தியாத்தோப்பு பக்கமோ, அங்க வயல்ல நிக்கிற தண்ணி மூணு மாசச் சாப்பாட்டை எடுத்துட்டுப் போகுது. இந்த வாரம் ஊருக்குப் போன் பண்றப்போ, "மழை எப்படி?"ன்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. "அடங்கல் பார்த்தாச்சா? போட்டோ எடுத்தாச்சா?"ன்னும் கேளுங்க. மனு எழுதத் தெரியாத பெரியவங்களுக்கு உக்காந்து எழுதிக் கொடுங்க.

நம்ம மண்ணுக்கு அடியில இருக்கிற பழுப்பு நிலக்கரிக்கு டன் கணக்குல விலை தெரியுது. அதே மண்ணுக்கு மேல நிக்கிற நெல்லுக்கு என்ன விலைன்னு நீதிமன்றமும் சொல்லிடுச்சு. தெரியாத மாதிரி இருக்கிறது கோட்டையும் டெல்லியும்தான்.

ஏக்கர் ஒண்ணுதான். கணக்கும் ஒண்ணா இருக்கணும்.

படிச்சவங்க உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்க. போன ஃபெஞ்சல்ல உங்க ஏக்கருக்கு எவ்வளவு வந்துச்சு, வராமலே போச்சான்னு கமெண்ட்ல எழுதுங்க. தொகுத்து மனுவா மாவட்ட ஆட்சியர்கிட்ட கொடுக்கப் போறோம்.

தகவல் தொழில்நுட்ப அணி, நெய்வேலி

#ஒரே_ஏக்கர்_ஒரே_கணக்கு #கடலூர்_விவசாயி #ஃபெஞ்சல்